மஞ்சள் கொடி இறங்கிய பிறகு

துறைமுக ஆபீசில் எனக்கு துபாஷி வேலை. கப்பல்காரர்கள் பேசுவதைத் துரைமார்களுக்கும், துரைமார்கள் பேசுவதைக் கப்பல்காரர்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். கேட்பதற்குப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். ஒரு வருஷம் செய்து பார்த்தால்தான் தெரியும், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று. துரை கோபமாகச் சொன்னதை நான் தணித்துச் சொன்னால், "அவர் மூஞ்சி அப்படி இல்லையே" என்று கப்பல்காரன் சந்தேகப்படுவான். உள்ளது உள்ளபடி சொன்னால் என்னை அடிக்க வருவான்.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. புதிதாக நங்கூரம் போட்ட கப்பலில் ஏறி, துறைமுக விதிகள் நாற்பத்திரண்டையும் மேல்தளத்தில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். கப்பலின் அடியில் பாரத்துக்காகப் போட்டிருக்கிற கற்களைத் தண்ணீரில் கொட்டக் கூடாது. தளத்தில் கீல் காய்ச்சக் கூடாது. வெடிமருந்து இருந்தால் முதலிலேயே இறக்கிவிட வேண்டும். கரைக்குப் போன மாலுமி குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கக் கூடாது. பதினேழாவது விதி, துறைமுகத் தண்ணீரில் குப்பை போடக் கூடாது என்பது. அதை மட்டும் நான் கொஞ்சம் அழுத்தி வாசிப்பேன் போலிருக்கிறது, ஊரில் எனக்குப் 'பதினேழு' என்றே பெயர் விழுந்துவிட்டது. என் மனைவி அப்படிக் கூப்பிட மாட்டாள். ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டும்போதெல்லாம், "ஏங்க, இது பதினேழுல வருமா?" என்று கேட்காமல் விட மாட்டாள்.

இந்த நாற்பத்திரண்டுக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற எந்தக் கப்பலும் மஞ்சள் கொடியோடுதான் உள்ளே வர வேண்டும். அது பறக்கிறவரை யாரும் அந்தக் கப்பலை நெருங்கக் கூடாது, அதிலிருந்து யாரும் இறங்கக் கூடாது. துறைமுக டாக்டர் படகில் போய், முப்பது அடி தள்ளி நின்றுகொண்டு ஐந்து கேள்வி கேட்பார். எங்கிருந்து வருகிறாய், ஏறும்போது எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், வழியில் யாராவது செத்தார்களா, இப்போது யாருக்காவது நோய் இருக்கிறதா. பதில் ஒழுங்காக இருந்தால் விசில் ஊதுவார், மஞ்சள் கொடி இறங்கும். இல்லாவிட்டால் கப்பல் அப்படியே திரும்பி, துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் பாறைத் திட்டுக்குப் போய்விட வேண்டும், இருபத்தொரு நாளைக்கு.

இந்த ஐந்து கேள்வியை எட்டு வருஷமாகக் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் மூன்றே தடவைதான் வந்திருக்கிறது, மூன்றும் காற்றில்லாத நாளில், தெளிவாகக் காதில் விழுந்தவை. காற்றடிக்கிற நாளில் பதிலை இரண்டு மூன்று தடவை கத்தச் சொன்னால்தான் காதில் விழும். டாக்டர் துரைக்குப் பொறுமை என்பது ஜாதகத்திலேயே கிடையாது. "என்ன, அவன் தூங்கிவிட்டானா, நீ தூங்கிவிட்டாயா?" என்று என்மேல் பாய்வார். அதனால் நான் ஒரு கெட்ட பழக்கம் பழகிக்கொண்டேன். கடைசிக் கேள்வியைக் கப்பலைப் பார்த்துக் கத்துவேன். அங்கே வாய் திறப்பது தெரிந்ததுமே இங்கே டாக்டரிடம் பதிலைச் சொல்லிவிடுவேன். அவர் எழுதிவிடுவார். உண்மையான பதில் அதற்கப்புறம்தான் என் காதுக்கு வந்து சேரும். அது எப்போதும் நான் சொன்னதாகவே இருந்தது, அதனால் எனக்கு இது ஒரு தப்பாகவே படவில்லை.

அன்றைக்குக் காலையில் மூன்று பாய்மரம் உள்ள கப்பல் ஒன்று உள்ளே வந்தது. அதில் என் மைத்துனன் மாலுமியாக இருந்தான். பதினாலு மாதத்துக்குப் பிறகு வருகிறான். மைத்துனன் என்று சொல்கிறேனே தவிர, என் மனைவிக்கு அவன் பிள்ளை மாதிரி. அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா செத்துப்போனாள், இவன் அப்போது கைக்குழந்தை. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி வந்தபோது, "என்கூட இவனும் வருவான், சம்மதமா?" என்று என்னிடம் நேருக்கு நேர் கேட்டாள். எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருந்தது.

கப்பலின் பாய் கண்ணுக்குத் தெரிந்த உடனேயே எங்கள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் மனைவி படித்துறைக்கு வந்து ஒரு படகையும் பேசி வைத்துவிட்டாள். நான் டாக்டரின் படகில் ஏறும்போது கத்திச் சொன்னேன், "மஞ்சக் கொடி இறங்காம கிளம்பக் கூடாது."

"தெரியும், தெரியும். நீங்க சீக்கிரம் போய் இறக்குங்க."

"நானா இறக்குறேன்? டாக்டர்தான்."

"யாரோ ஒருத்தர். எனக்கு என் தம்பி வேணும்."

அன்று காற்று பலமாக இருந்தது, டாக்டரும் வழக்கத்தை விட அவசரத்தில் இருந்தார். தூரத்தில் ஒரு நீராவிக் கப்பல் நின்றது. அதில் யாரோ பெரிய அதிகாரியின் குடும்பம் வந்திருக்கிறதாம். அவர்களை வெயிலில் காக்க வைத்தால் தன் தொப்பி போய்விடும் என்ற பயம் அவருக்கு. எங்கள் படகு பாய்மரக் கப்பலிலிருந்து முப்பது அடியில் நின்றதுமே நோட்டைப் பிரித்தார், தலையை நிமிர்த்தாமலே கேட்க ஆரம்பித்தார்.

கப்பலை நடத்தி வந்த தண்டல் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றார். நல்ல மனிதர், பத்து வருஷமாகத் தெரியும். ஆட்கள் விதிப்படி அவர் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். நான் வாயால் கேள்வியைக் கத்திக்கொண்டிருந்தேன், கண்ணால் மைத்துனனைத் தேடிக்கொண்டிருந்தேன். நெட்டையான பயல், கூட்டத்தில் தலை தனியாகத் தெரியும். தெரியவில்லை. பாய்க்குப் பின்னால் நிற்பானாக்கும் என்று நினைத்தேன்.

ஊர் பெயர் வந்தது. ஏறும்போது பதினெட்டு. இப்போதும் பதினெட்டு. சாவு இல்லை. நான்கும் சரி.

"இப்ப யாருக்காவது சீக்கு உண்டா?" என்று கத்தினேன்.

தண்டல் வாயைத் திறந்தார். நான் டாக்டரிடம் "இல்லை ஐயா" என்றேன். டாக்டர் எழுதினார். அப்போதுதான் தண்டலின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது.

"ரெண்டு பேர் படுத்திருக்காங்க! காய்ச்சல்! மேலெல்லாம் போட்டிருக்கு!"

டாக்டர் விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

'ஒரு நிமிஷம் ஐயா' என்று சொல்ல அவருடைய பாஷையில் மூன்றே வார்த்தை. எட்டு வருஷமாகத் தினமும் பேசுகிற பாஷை. நான் சொல்லவில்லை. சொன்னால் 'அப்படியானால் முதலில் ஏன் இல்லை என்றாய்?' என்று கேட்பார். காதில் விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தானா என்று அடுத்த கேள்வி வரும். நோய்க் கேள்விக்குப் பொய்ப் பதில் தந்தால், தந்தவன் எவனானாலும் ஆறு மாதம் சிறை. நாலாவது விதி, நானே எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியது. இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. மஞ்சள் கொடி மடங்கி மடங்கிக் கீழே வந்தது. மைத்துனன் அந்த இரண்டு பேரில் ஒருத்தனாக இருந்துவிடக் கூடாதே என்ற நினைப்பும் உள்ளே ஓடியது. ஆனால் அதுதான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். முதலில் வந்தது என் பயம்தான்.

டாக்டரின் படகு என்னைக் கயிற்றேணியில் ஏற்றிவிட்டு, நீராவிக் கப்பலைப் பார்த்துப் பறந்தது. நான் விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தளத்தில் போய் நின்றேன். தண்டல் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன துபாஷி, நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"விழுந்துமா கொடியை இறக்கச் சொன்னாரு?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் முகம் இளகியது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புரியுது. மச்சானுக்காக மாத்திச் சொல்லிட்டீங்க. அவன் சொல்லிக்கிட்டேதான் இருந்தான், எங்க அத்தான் இருக்கிறப்ப என்னைப் பாறைக்கு அனுப்பிடுவாங்களான்னு. நான்தான் நம்பல. நீங்க அப்பேர்ப்பட்ட ரூல் புத்தகம் ஆச்சே. இந்த உதவிய நாங்க யாரும் மறக்க மாட்டோம்."

ஆட்கள் என்னைச் சுற்றி நின்று கும்பிட்டார்கள். ஒருத்தன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செய்யாத உதவிக்குக் கும்பிடு வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"அவன் எங்க?" என்றேன்.

"கீழ."

ஏணியில் இறங்கும்போதே வாடை மூக்கில் ஏறியது. தணிவான கூரை, ஒரே ஒரு விளக்கு. இரண்டு பாய். ஒன்றில் ஒருவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், அசையவே இல்லை. மற்றொன்றில் என் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். தோளில் துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். விளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, கண் இமை, உதடு, ஒரு இடம் பாக்கி இல்லை. பெரியம்மை. டாக்டர் தேவையில்லை, எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

"அத்தான்! கொடி இறங்கிடுச்சாமே. நான் சொன்னேன் இவங்க கிட்ட. அக்கா வந்திருக்காளா?"

"உக்காரு, உக்காரு. எழுந்திருக்காத."

"வீட்டுக்குப் போயிட்டா சரியாயிடும் அத்தான். அக்கா கஞ்சி வச்சுக் குடுத்தா நாலு நாள்ல எழுந்துடுவேன். இந்தப் பொத்தானை மட்டும் போட்டு விடுங்களேன். என்னை இப்படிப் பாத்தா பயந்துடுவா."

நான் பொத்தானைப் போட்டுவிட்டேன். ஆபீஸ் கட்டாயத்தில் எனக்குக் கையில் அம்மை குத்தியிருந்தார்கள். அதனால் எனக்குப் பயமில்லை. வீட்டில் வேறு யாருக்கும் குத்தவில்லை. என் மனைவி ஊசி என்றாலே ஊரைக் கூட்டுவாள், மகளுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது பொத்தானில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் மஞ்சள் கொடி இறங்குவதற்காகப் படித்துறையில் காத்திருந்தவள். கொடி இறங்கி எவ்வளவு நேரமாயிற்று?

"அத்தான், எங்க போறீங்க?"

இரண்டு இரண்டு படியாக ஏறினேன்.

மேலே வெயில் கண்ணைக் கூசச் செய்தது. படித்துறைப் பக்கம் பார்த்தேன். ஏழெட்டுப் படகு கிளம்பியிருந்தது. பழம் விற்கிறவன், துணி வெளுக்கிறவன், சரக்கு இறக்குகிறவர்கள் என்று வழக்கமான கூட்டம். எல்லாருக்கும் முன்னால் ஒரு சின்னப் படகு. அதன் மூக்கில் என் மனைவி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பாதி தூரத்துக்கு மேலேயே வந்துவிட்டாள்.

"தண்டல், கொடியை ஏத்துங்க. மஞ்சக் கொடியை ஏத்துங்க."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "இப்பத்தானே இறக்கினோம்?"

"அஞ்சாவது விதி. அனுமதி கொடுத்த அப்புறம் சீக்கு தெரிஞ்சா, கப்பலை நடத்துறவர் தானாவே கொடியை ஏத்தணும். டாக்டர் சொல்லணும்னு இல்ல. சீக்கிரம்."

"அனுமதிக்கு அப்புறமா தெரிஞ்சுது? நான் முன்னாடியே சொன்னேனே. விசாரணைன்னு வந்தா நான் அதைத்தான் சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன். உங்க கதி என்ன ஆகும்?"

"ஆறு மாசம் உள்ள. வேலை போகும்."

"அப்ப எதுக்கு இந்த உதவிய செஞ்சீங்க?"

"நான் உதவி செய்யல." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடியே நான் இல்லன்னு சொல்லிட்டேன். எப்பவும் இல்லன்னுதானே சொல்வீங்க. பழக்கத்துல வந்துடுச்சு."

தண்டலின் முகத்தில் இருந்த இளக்கம் போன இடம் தெரியவில்லை.

"இந்த ரெண்டு பேர் உசுரு உங்களுக்குப் பழக்கமா?"

மடித்த கொடி மரத்தின் அடியில் கயிற்றோடு கிடந்தது. நானே போய் எடுக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். சற்று முன்னால் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டானே, அதே ஆள் வந்து கொடிமேல் காலை வைத்து நின்றான்.

"பாறைக்கு நாங்க போக மாட்டோம். போன வருஷம் போனவன்ல எத்தனை பேர் திரும்பினான்? பதினொண்ணுல நாலு. எங்களுக்குச் சீக்கு இல்ல. இன்னைக்கு நாங்க வீட்டுக்குப் போறோம்."

"போ. போய் உன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சு" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, எங்கிருந்து வந்ததோ. "பத்து நாள் கழிச்சு அது மூஞ்சியைப் பாரு. கீழ படுத்திருக்கிறவன் மூஞ்சியை நீ பாத்தியா? அந்தப் படகுல வர்றது என் பெண்டாட்டி. அவ இங்க வந்து அவனைக் கட்டிக்குவா, அப்புறம் நேரா வீட்டுக்குப் போய் என் மகளைத் தூக்குவா. காலை எடு."

அவன் எடுக்கவில்லை. பின்னால் இன்னும் இரண்டு பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தன் கையில் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது. அவன் அதை ஓங்கவில்லை, கீழே போடவும் இல்லை. துடுப்பின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. "தம்பீ!" என்று அவள் கூப்பிடுவதும் கேட்டது. குனிந்து அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். கல்தூண் மாதிரி அசையவில்லை. என்னை ஒரு உதை உதைத்திருந்தால் கடலில் விழுந்திருப்பேன்.

"காலை எடுடா" என்றார் தண்டல்.

அவன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் இன்னொரு முறை சொல்லவில்லை. சட்டென்று வந்து அவன் தோளைப் பிடித்து ஒரு ஓரமாக நகர்த்தினார், குழந்தையை நகர்த்துவது போல. கொடியைக் கயிற்றில் அவரே மாட்டினார். நான் இழுத்தேன். கை வழுக்கியது, மறுபடி இழுத்தேன். கொடி உச்சிக்குப் போய் விரிந்தது.

பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாக நின்றன, பிறகு திரும்பின. இந்தத் துறைமுகத்தில் மஞ்சள் நிறம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். முன்னால் வந்த சின்னப் படகும் நின்றது. படகுக்காரன் துடுப்பைத் தண்ணீரில் எதிர்ப்பக்கம் ஊன்றி, கப்பலிலிருந்து நாலு ஆள் தூரத்தில் நிறுத்திவிட்டான். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். சிறைக்குப் போகிறவனுக்கு அவ்வளவு நிம்மதி வரக் கூடாது, எனக்கு வந்தது.

"ஏங்க, என்ன விளையாட்டு இது? இறக்கிட்டு மறுபடி ஏத்துறாங்க?"

"நீ திரும்பிப் போ. சீக்கு இருக்கு."

"யாருக்கு? தம்பி எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். மைத்துனன் ஏணியில் தவழ்ந்து மேலே வந்துவிட்டான். அக்காவின் குரல் கேட்டிருக்கும். தளத்தில் கையை ஊன்றி எழுந்து நின்றான். அண்ணாந்து கொடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. துண்டை எடுத்துத் தலையிலிருந்து மோவாய் வரை முக்காடு போட்டுக்கொண்டான், கண் மட்டும் தெரிய. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை விட்டுத் தள்ளியே நின்றான்.

"அக்கா!"

"டேய்! அங்கதான் இருக்கியா நீ? ஏன்டா மூடிக்கிட்டிருக்க?"

"வெயில்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னொருத்தனுக்குத்தான். ரூல்ல எங்களையும் நிறுத்திட்டாங்க. இருபத்தொரு நாள் தானே, முடிச்சுட்டு வந்துடறேன். நீ வீட்டுக்குப் போ."

குரல் நன்றாகத்தான் இருந்தது. எப்படி அதை அப்படி வைத்துக்கொண்டான் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். அவள் அவனைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நிஜமாங்க?"

ஆமாம் என்றால் போய்விடுவாள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு இருப்பாள். அவன் கண் என்னைக் கெஞ்சியது. ஆனால் அவன் அவள் வளர்த்த பிள்ளை. இருபத்தொரு நாளுக்குள் அவன் போய்விட்டால், அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பாள். அதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வேன்? அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

"இல்ல" என்றேன். "அவனுக்கும்தான். பெரியம்மை. உடம்பு பூரா."

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அழவில்லை. படகுக்காரனிடம், "பக்கத்துல விடு" என்றாள்.

"ஐயோ, முடியாதும்மா. மஞ்சக் கொடி பறக்கும்போது என் படகு கப்பலைத் தொட்டா லைசென்ஸ் போயிடும்."

"தொட வேண்டாம். ஏணிக்குக் கையெட்டுற தூரத்துல நிறுத்து."

படகுக்காரன் என்னைப் பார்த்தான். நான் கையை ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றேன். அவன் யோசித்தான். படகு தொடக் கூடாது என்பதுதான் விதி, படகில் இருக்கிறவர் தாவக் கூடாது என்று அதில் இல்லை. இது எனக்கும் அவனுக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். அவன் துடுப்பை ஒரு முறை போட்டான். படகு மெதுவாக வந்து, ஒரு கை அகலம் விட்டு நின்றது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாவினாள். ஒரு கால் தண்ணீரில் விழுந்தது, கை கயிற்றேணியைப் பிடித்துக்கொண்டது.

"ஏறாத!" என்று கத்தினேன். "உனக்கு அம்மை குத்தல. ஏறினா இறங்க முடியாது. பாறைக்குப் போகணும். கொடி பறக்கும்போது கப்பல்ல இருக்கிறவங்க எல்லாரும்..."

"தெரியும். நீங்க வீட்ல படிச்சுப் படிச்சு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கையைக் குடுங்க."

"பிள்ளை இருக்கா, நினைச்சுப் பாரு!"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அவ நல்லா இருக்கா. இவனுக்கு யார் இருக்கா? கையைக் குடுங்க, கயிறு அறுக்குது."

நான் ஏணியை அவிழ்த்துவிட்டிருக்கலாம். அவள் தண்ணீரில் விழுந்திருப்பாள், படகுக்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான். முடிச்சு என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன்.

"தொடாத அக்கா, கிட்ட வராத" என்று மைத்துனன் பின்னாலேயே நகர்ந்து போனான். எதிர்ச் சுவர் இடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குழந்தையாக இருந்தபோது எப்படி அழுதிருப்பானோ, அப்படி அழுதான். அவள் அவன் முக்காட்டை விலக்கினாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தண்டல் ஆட்களை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்துக்கொண்டு நின்றார். தூரத்தில் நீராவிக் கப்பலை விட்டு டாக்டரின் படகு எங்களை நோக்கித் திரும்பிவிட்டது.

கீழே படகுக்காரன் இன்னும் போகவில்லை.

"வீட்ல ஏதாவது சொல்லணுமா துபாஷி?"

"பக்கத்து வீட்டம்மா கிட்ட சொல்லு. பிள்ளையை அவங்களே வச்சுக்கணும். இருபத்தொரு நாள்."

"சொல்றேன்." அவன் துடுப்பை எடுத்தான், பிறகு தலையைச் சொறிந்தான். "அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேரும் திரும்பி வந்துடுவாங்கன்னு பிள்ளை கிட்ட சொல்லிடட்டுமா?"

அவன் வெள்ளையாகத்தான் கேட்டான். நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். படகுக்காரன் கொஞ்ச நேரம் காத்திருந்தான், பிறகு அவனாகவே படகைத் திருப்பிக்கொண்டு போனான்.